ஆடிப்போன படம்

நடுக்கவாதம் வந்தவர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர் அவர். தொண்ணூறுகளில் ராஜபாளையத்திலிருந்து அப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போனபோது பார்த்தேன். ஒல்லியான ஆள். யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். நடுங்கும் கையைத்தான் பார்ப்பார்.

ஸ்கேன் மெஷினுக்குள் அப்பாவின் தலை போயிற்று. வெளியே கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. கால் ஆடினால் தலையும் அசைந்து படம் கலங்கிவிடுமாம். டாக்டர் ஒரு துணிப்பட்டையை எடுத்து, இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டினார்.

அம்மா அலறிவிட்டாள். "ஐயா, உசுரோட இருக்க மனுசனுக்கா பெருவிரலக் கட்டுதீய?"

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. பிணத்துக்குக் கட்டுவதை அவரும் பார்த்திருப்பாரே. "படத்தையே நெனச்சுக்கிட்டிருந்தேம்மா" என்று முடிச்சை அவிழ்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, மெஷின் டமடமவென்று அடித்து ஓயும்வரை அப்பாவின் பாதங்களைக் கைகளுக்குள் பிடித்துக்கொண்டிருந்தார்.

"படம் நல்லா விழுந்துச்சாய்யா?" என்று கேட்டாள் அம்மா.

"ஆடிப்போச்சும்மா. ஆராய்ச்சிக்கு ஆகாது."

"அப்பம் இன்னொருக்க எடுக்கணுமா?"

"வேண்டாம்" என்றவர், முதன்முறையாக அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "போயிட்டு வாங்கய்யா."

படம் கெட்ட வருத்தம் அவர் குரலில் ஏன் இல்லை என்று ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷம் கழித்து அப்பா இறந்தார். பெருவிரல் கட்டத் துணியோடு வந்த சித்தப்பாவிடம், "செத்த நேரம் பொறுங்க" என்றாள் அம்மா. அந்த டாக்டரைப் போலவே இரண்டு பாதங்களையும் கைகளுக்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவை ஆடவில்லை.