இரவுக்கு வேண்டிய வெயில்: செம்பரம்பாக்கத்தில் ஒரு சோலார் ஒத்திகை

ஜவ்வாது மலையில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம், வருகிறாயா என்று அலுவலகத் தோழி தேவகி தை மாதத் தொடக்கத்தில் கேட்டாள். எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொந்தரவு உண்டு. முகத்தில் மாட்டிக்கொண்டால் காற்றை அழுத்தி அனுப்பும் சி-பாப் இயந்திரம் இல்லாமல் ஓர் இரவும் தூங்கக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. இரண்டு வருடங்களாக, சுவரில் பிளக் இல்லாத இடத்தில் நான் தூங்கியதே இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் தேவகி, "அவ்ளோதானா? செம்பரம்பாக்கத்துல எங்க அண்ணன் நிலம் கீது. அங்க ரெண்டு நைட் சோலார் வெச்சு டெஸ்ட் பண்ணு. சரியா வந்தா மலைக்கு வா" என்றாள்.

கணக்குப் போட உட்கார்ந்தேன். ஈரப்பதம் சேர்க்கும் பகுதியை அணைத்துவிட்டால் (மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான்) என் இயந்திரத்துக்கு முப்பது வாட் போதும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 240 வாட்-அவர். பன்னிரண்டு வோல்ட், 30 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்று வாங்கினேன். அதில் சுமார் 380 வாட்-அவர் இருக்கும். முதல் இரவு தாங்கும். இரண்டாவது இரவுக்குப் பகல் வெயில்தான் கதி. நூறு வாட் பேனல், ஐந்து மணி நேர வெயில், ஐந்நூறு வாட்-அவர், தாராளம் என்று நினைத்தேன். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வரும் சார்ஜ் கன்ட்ரோலரில் மலிவான பிடபிள்யூஎம் வகையையே எடுத்தேன்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நானும் கணவர் சரவணனும் எங்கள் வீடு இருக்கும் கள்ளிக்குப்பத்திலிருந்து காரில் கிளம்பினோம். ஆவடி, பருத்திப்பட்டு, பூந்தமல்லி வழியாக ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். ஆவடி நெரிசலில் மட்டும் அரை மணி போனது. தேவகியின் அண்ணன் ஏழுமலை கிடங்கு ஒன்றில் லாரி ஓட்டுகிறார். இருபுறமும் மனை போட்ட கற்களுக்கு நடுவே, அவருடைய கீரைப் பாத்தி மட்டும் பச்சையாக இருந்தது. அதன் ஓரம் கூடாரம் போட்டோம்.

முதல் இரவு பிரச்சினை இல்லை. காலையில் பேட்டரி முப்பத்தெட்டு சதவீதம் காட்டியது. ஏழரைக்குப் பேனலை விரித்தேன். வானம் முழுக்க மேகம். பதினொன்றரை ஆகியும் ஐம்பது சதவீதத்தைத் தொடவில்லை. போதாததற்கு வேப்பமர நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்திருந்தது. பேனலை நகர்த்தியதும் வரவு கிட்டத்தட்ட இரட்டிப்பானது; அப்போதும் இருபத்திரண்டு வாட்தான்.

ஏழுமலை வந்து பேட்டரித் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, மேகத்தை அண்ணாந்து பார்த்தார். "இன்னாம்மா, மோடம் இப்டி கட்டிகினு கீது. இது இன்னாத்த ரொம்பப் போவுது?"

"பேசாம வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் சரவணன். நான் ஒப்புக்கொள்ளவில்லை: "இங்க தீர்ந்துபோனா ஒரு மணி நேரத்துல வீடு. மலையில தீர்ந்துபோனா? இன்னைக்கே தப்பு எதுன்னு பாத்துடலாம்."

ஏழுமலை சட்டையை மாட்டிக்கொண்டார். "பூந்தமல்லில ஞாயித்துக்கெயம கூட ஒரு சோலார் கடை தொறந்திருக்கும். வா, நானும் வரேன்."

மதியம் ஒன்றரைக்குத் திரும்பியபோது காரில் இன்னொரு நூறு வாட் பேனலும், விலை கூடிய எம்பிபிடி வகை இருபது ஆம்பியர் கன்ட்ரோலரும் இருந்தன. இரண்டு பேனல்களையும் இணையாக, அதாவது பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் சேர்த்து மாட்டினேன். ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றொன்று வேலை செய்யும். இரண்டு மணிக்கு மேகம் விலகியது. திரையில் நூற்றிருபது வாட். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். மேகம் வந்து வந்து போனாலும், ஐந்து மணிக்குத் தொண்ணூற்றாறு சதவீதம்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை இவை. பேனலில் எழுதியிருக்கும் வாட் முழுதாக வராது. நல்ல வெயிலிலேயே முக்கால் பங்கு வந்தால் அதிர்ஷ்டம். பகலில் திரும்ப நிரப்ப வேண்டிய அளவைக் கணக்கிட்டு, காகிதக் கணக்கில் அதைப்போல் நான்கு மடங்கு தரக்கூடிய பேனல் வாங்குங்கள். எம்பிபிடி, பேனலின் கூடுதல் வோல்ட்டை வீணாக்காமல் பயன்படுத்தும். ஆனால் நம் ஊர்ச் சூட்டில் அதனால் கிடைக்கும் லாபம் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இருக்காது. மேகத்தில் என்னைக் காப்பாற்றியது பெரும்பாலும் இரண்டாவது பேனல்தான். கன்ட்ரோலரின் அளவுக்கு, மொத்த வாட்டைப் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டால் வகுங்கள்: 200 வாட்டுக்குப் பதினேழு ஆம்பியர், ஆகவே இருபது ஆம்பியர் கன்ட்ரோலர். அவ்வளவை உங்கள் பேட்டரி ஏற்குமா என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். கன்ட்ரோலரில் லித்தியம் என்று தேர்வு செய்ய மறக்காதீர்கள். முதலில் பேட்டரியை மாட்டுங்கள், பிறகே பேனலை, கழற்றும்போது தலைகீழ். செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்தில்தான் என்றாலும், அதன் கரையில் கூடாரம் போடாதீர்கள். உரிமையாளர் அனுமதி தந்த நிலமே நல்லது.

திங்கட்கிழமை காலை கூடாரத் துணியில் வெளிச்சம் விழுந்து கண் விழித்தேன். இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஏழுமலை கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, "இன்னாம்மா, தூங்கினியா?" என்றார்.

"நல்லா தூங்கினேண்ணா."

முகத்தில் இயந்திரத்தின் மாஸ்க் பதிந்த தடம் மறையும் முன்பே தேவகியை அழைத்தேன். "மலைக்கு நானும் வரேன்" என்றேன். அவள் போட்ட கூச்சல், போனைக் காதில் வைக்காத ஏழுமலைக்கே கேட்டது.