தகரக் கூரைப் பள்ளியின் மழைப் பாடம்

நீர்ச் சுழற்சிப் பாடம் நடத்துவதற்காக இன்று வகுப்பில், கொதிக்கும் கெட்டிலுக்கு மேல் எவர்சில்வர் தட்டைப் பிடித்தபோது எழுந்த சூடான வாசனையில், கரியாலூர்ப் பக்கம் நான் மூன்றாம் வகுப்பு படித்த, இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட பள்ளி நினைவில் வந்து நின்றது. மழைக்காலம் முழுக்க அங்கே பாடத்தைவிடத் தகரக் கூரையின் சத்தம்தான் அதிகம் கேட்கும். சுவரில் சாய்ந்தால் முதுகெல்லாம் ஈரம் ஒட்டும். அப்படியொரு நாளில் எங்கள் டீச்சர் இதேபோலத் தட்டைப் பிடித்து, ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போய், மேகமாகி, மழையாகத் திரும்பும் என்றார்.

என் பக்கத்தில் இருந்த மல்லிகா எழுந்தாள். முந்தைய மாதம்தான் அவள் தம்பியை ஓடை அடித்துக்கொண்டு போயிருந்தது; உடல் கிடைக்கவில்லை.

"எங்க ஓடைத் தண்ணியும் திரும்பி வருமா டீச்சர்?"

"எல்லாத் தண்ணியும் வரும்மா."

அவள் வெளியே போய், கொட்டும் மழையில் பாவாடையை இரு கையாலும் ஏந்திப் பிடித்தபடி நின்றாள்.

"இன்னாடி பண்ற? உள்ள வா!" என்று டீச்சர் கத்தினார்.

"தம்பி வருவான் டீச்சர். கீழ வுழுந்துடுவான்."

டீச்சர் அவளை இழுத்து வரவில்லை. இறங்கிப் போய்ப் பாவாடையின் ஒரு முனையைத் தானும் பிடித்துக்கொண்டார். மழை விடும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். ஜன்னலில் நெருக்கியடித்து நின்ற நாங்களும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.