ஞாயிற்றுக்கிழமை வரால்

திருப்புறத்தில் ஆட்டோ ஓட்டும் சுந்தரதாஸ், சர்ச் பாட்டுக்குழுவில் அடித்தொண்டைக்காரர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வண்டி சவாரிக்கு நிற்காது; வாளியோடு ஆற்றுக்குப் போகும். ஞாயிறுதோறும் ஆறு சட்டென்று இறங்கி, பாறைக்குழிகளில் மீனை விட்டுப் போவது கரையோரச் சபையாருக்குக் கர்த்தர் வானத்திலிருந்து இறக்கும் உணவு, மன்னா. ஜெபத்தில் அதற்கு ஒரு வரி நன்றியும் உண்டு. ஆபீஸ்கள் பூட்டிக் கிடக்கும் நாளில் மேலே அணை மின் நிலையத்தில் டர்பைனை நிறுத்துவதால்தான் தண்ணீர் குறைகிறது என்பது சுந்தரதாஸுக்குத் தெரியாததல்ல.

"கர்த்தருக்கும் சுவிட்சு போட ஆளு வேண்டாமா?" என்பார்.

அன்று மகள் ஜிஜாவும் துபாய் மருமகனும் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. வரால் கறி என்று போனில் வாக்குக் கொடுத்தவர் அவர்தான். மனைவி ஓமனா விடியும்போதே தேங்காயை வறுத்து அரைத்து, புளியும் கரைத்து வைத்துவிட்டார்.

குழியில் வரால் கிடந்தது, முழங்கை நீளம். கையை விட்டார், அது அசையவில்லை. நீர் வற்றினால் துள்ளியாவது தப்பிவிடும் சாதி, ஏன் நிற்கிறது என்று குனிந்து பார்த்தார். வயிற்றுக்கடியில் சிவப்பு நூல்கண்டு அவிழ்ந்ததுபோலக் குஞ்சுகள். இத்தனை காலம் சுலபமாகக் கைக்கு வந்தவற்றில் எத்தனை, குஞ்சை விட்டுப் போக மனமில்லாமல் நின்றவையோ! பக்கத்துக் குழியிலும் குஞ்சுகள் துடித்தன. வெயிலில் காயாமல் பிழைத்தாலும், திங்கள் காலை திறந்துவிடும் வெள்ளம் அடித்துக்கொண்டு போகும்.

வெறும் வாளியோடு வந்தவரை ஓமனா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். உள்ளே விருந்தாளிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"மீன் எங்க?"

"தள்ளையும் பிள்ளையளுமாக்கும் கிடந்தது. கைதைத்தாழைக் காட்டுப் பக்கம் ஆழத்தில கொண்டு விட்டேன்."

"அரைச்ச தேங்காய்க்கு நான் என்ன பதில் சொல்லியது?"

ஓமனா முணுமுணுத்தபடி முருங்கைக்காயும் மாங்காயும் நறுக்கிப் போட்டுக் குழம்பைக் கொதிக்கவைத்தார். மருமகன் வராலைப் பற்றிக் கேட்கவில்லை; இரண்டாம் முறை சோறு கேட்டான். சுந்தரதாஸுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஓமனா அதைக் கவனித்தார்.

"இன்னும் உண்டா அங்க?"

"பக்கத்துக் குழியிலயும் பிள்ளையள் உண்டு, வாளியில கொள்ளல்ல. தண்ணி வத்திட்டிருக்கு."

ஓமனா ஜிஜாவிடம் கரண்டியைக் கொடுத்தார். சோறு வடிக்கும் பெரிய பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"மக்கா, நீ விளம்பு. வண்டிய எடுங்க, நானும் வாறேன்."