ஈய முத்திரை வைத்த இன்ஜின்

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி செருகி எடுத்தபோது நுனி மட்டும்தான் நனைந்திருந்தது. மேல் கோடு வரை ஊற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எங்கும் கசிவில்லை. முதல் நாள் இரவு விரித்துவைத்த பழைய காலண்டர் அட்டையிலும் ஒரு சொட்டு இல்லை. வண்டியோ புத்தம் புதியது, சீட்டுகளின் பாலிதீன் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. எண்பதுகளின் நடுவில், செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு அறைகள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் வேன் அது. நான் அதற்கு டிரைவர். ஊரில் அவரை வேன்காரம்மா என்பார்கள். நான் அக்கா என்றே கூப்பிட்டேன்.

அக்காவின் கணவர் மின்சார வாரியத்தில் வேலையாக வெளியூரில் இருந்தார், சனிக்கிழமைதான் வருவார். அறைகளையும் வேனையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் அக்காவே பார்த்துக்கொண்டார். தங்க வருபவர்கள் சாத்தனூர் அணை, செஞ்சிக் கோட்டை என்று கேட்பதைக் கவனித்து, வங்கிக் கடன் வாங்கி வேன் எடுத்ததும் அவர் யோசனைதான். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோலப் பேசவும் மாட்டார். அன்று காலை கம்பியைக் கொண்டுபோய்க் காட்டியதும் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எந்த அளவு இருக்கணும்?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன். "சரி, சொல்லிட்ட இல்ல. இனிமே இது என் வேலை. வண்டிய எடு, வேலூர் போலாம்" என்றார்.

வண்டி வாங்கிய ஏஜென்சி வேலூரில் இருந்தது. சர்வீஸ் மேனேஜர் மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "புது இன்ஜின்னா மொதல்ல கொஞ்சம் ஆயில் குடிக்கும்மா. ஓட ஓட செட் ஆயிடும்" என்றார். நம்பித் திரும்பினோம். அடுத்த மாதம் குறைவது அதிகமாயிற்று. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப் புகை வந்தது. மறுபடி போனோம். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டி மாட்டினார்கள், ஆயிலை மாற்றினார்கள், "இப்ப பாருங்க" என்றார்கள். பார்த்தோம், குறைந்தது. நான் டிக்கியில் எப்போதும் ஒரு ஆயில் டின் வைத்துக்கொண்டு ஓட்டினேன். வாரண்டிக் காலமோ கரைந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை நம்மை இப்படியே இழுத்தடிப்பார்கள் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாவது முறை போனபோது மேனேஜர் அக்காவைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். நான் வெளியே வண்டியருகே நின்றிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா கதவருகே வந்து கையசைத்து என்னை அழைத்தார். உள்ளே போனேன். மேனேஜர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"எங்கிட்ட சொன்னத இவன் முன்னாடி சொல்லுங்க" என்றார் அக்கா.

"அது எதுக்கும்மா, பொதுவா சொன்னேன்."

"பொதுவா சொல்லல. ஆயில டிரைவர் எடுத்து விக்கறான், நீங்க கவனிக்கலன்னு சொன்னீங்க. அவனும் கேக்கட்டும்."

அந்த அறையில் நான் நின்ற நிலையை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. கோபம்கூட உடனே வரவில்லை. காதுமடல் மட்டும் நெருப்பாகக் காய்ந்தது. இந்தத் தொழிலில் முதலாளி வண்டியின் டீசலைத் திருடி விற்பவர்கள் இருந்தார்கள், பொய்யில்லை. அதனாலேயே அந்தச் சந்தேகம் யார்மீது விழுந்தாலும் ஒட்டிக்கொள்ளும். "நான் எடுக்கல சார்" என்று சொல்லலாம், சொன்னால் எடுத்தவனும் அதையேதான் சொல்லுவான். அக்கா எழுந்து, "வா, போலாம்" என்றார்.

ஊர் திரும்பும் வழியில் கணியம்பாடியைத் தாண்டினோம். போளூரில் டீக்கு நிறுத்தினோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "எடுத்தியான்னு நான் உன்ன கேக்க மாட்டேன். கேட்டா நீ பதில் சொல்லணும். எனக்கு பதில் சொல்ற எடத்துல உன்ன கொண்டாந்து நிறுத்தறதுக்கு அந்த ஆளு யாரு?" எனக்கு அப்போதுதான் கண் கலங்கியது. முகம் கழுவுவதுபோலத் தொட்டிப்பக்கம் போய்விட்டேன்.

ஆனால் பேச்சு எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. அதே ஏஜென்சிக்கு வண்டி கொண்டுபோகிற டிரைவர்கள் எங்கள் வேன் ஸ்டாண்டிலும் இருந்தார்கள். "இன்னாப்பா, ஆயில் வியாபாரம் எப்படிப் போவுது?" என்று ஒருவர் கேட்க மற்றவர்கள் சிரித்தார்கள். வீட்டில் என் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "நீங்க வேற வண்டி பாத்துக்கறீங்களா?" என்றாள். அந்தச் சனிக்கிழமை அக்காவின் கணவரும் வந்து, "ஒரு மாசம் டிரைவர மாத்திப் பாரு, தெரிஞ்சிடும்" என்றார். நல்ல மனிதர், யோசனையும் தவறானதல்ல. முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த என் காதில் அக்காவின் பதில் விழுந்தது. "மாத்திட்டா அவன் பேரு அதோட போச்சு. அப்புறம் ஆயில் கொறஞ்சா என்ன, கொறையலன்னா என்ன? வேற வழி சொல்லுங்க." அவர், வீடுகளில் கரண்ட் மீட்டருக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை வைப்பதைப் பற்றிச் சொன்னார். யாராவது கை வைத்தால் முத்திரை அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வேலூரில், வண்டிகள் விட வந்தவர்கள் நிறைந்திருந்த ஹாலில் நின்று அக்கா கேட்டார். "நீங்களே மேல் கோடு வரைக்கும் ஆயில் ஊத்துங்க. ஊத்தற மூடி, அடியில தொறக்கற போல்ட்டு, அளவு பாக்கற கம்பி, எல்லாத்துக்கும் நீங்களே சீல் வெச்சுக் குடுங்க. வண்டி ஓடட்டும். திரும்பி வந்து நீங்களே பிரிச்சுப் பாருங்க."

மேனேஜர் சிரித்தார். "நடுவுல ஆயில் தீந்து இன்ஜின் பிடிச்சு நின்னுடுச்சுன்னா யாரும்மா பொறுப்பு?"

"அப்ப ஆயில் தீந்துடும்னு உங்களுக்கே தெரியுது" என்றார் அக்கா.

ஹாலில் யாரோ இருமினார்கள். மேனேஜர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஆளைக் கூப்பிட்டு முத்திரை வைக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து எந்தச் சவாரியானாலும் அக்கா முன் சீட்டில் உட்கார்ந்தார். அறைகளைப் பெரிய பெண் பார்த்துக்கொண்டாள். எனக்கு ரோட்டில் ஒரு கண், டேஷ்போர்டில் இருந்த ஆயில் விளக்கில் ஒரு கண். கம்பியை உருவிப் பார்க்க முடியாத வண்டியை ஓட்டுவது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத ஒரு சட்டியை அடுப்பில் வைத்துக் காத்திருப்பதுபோல இருந்தது. அக்காவுக்கு அந்தப் பதற்றம் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஜன்னல் வழியே மலையைக் காட்டிப் பேசிக்கொண்டே வருவார். மாதக் கடைசியில், சாத்தனூரிலிருந்து திரும்பும்போது, தண்டராம்பட்டுக்கு முன்னால் ஒரு வளைவில் விளக்கு சிவப்பாக மினுக்கி அணைந்தது. எனக்கு முன்னால் அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"ஓரங்கட்டு. இனிமே ஒரு அடிகூட ஓட்டாத."

ஊருக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான், மெல்ல உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. அக்கா அதற்குள் இறங்கி, வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, பயணிகளை மன்னிப்புக் கேட்டு ஏற்றிவிட்டார். டிக்கியில் ஆயில் டின் இல்லாததும் அவர் ஏற்பாடுதான், முத்திரையை உடைத்து ஊற்றும் எண்ணமே வரக் கூடாதென்று முந்தைய வாரமே இறக்கிவைக்கச் சொல்லியிருந்தார். மறுநாள் ஒரு லாரியில் கயிறு கட்டி வேலூர்வரை வண்டியை இழுத்துப் போனோம். இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கல்லாக இருக்கும். என் வலது கால் வலியில் துவண்டது. அக்கா லாரியில் ஏறச் சொல்லியும் ஏறாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார்.

மேனேஜர் மூன்று முத்திரைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். எல்லாம் அப்படியே இருந்தன. அவரே குறடால் வெட்டிக் கம்பியை உருவினார். கம்பி காய்ந்திருந்தது. அந்த வாரமே மெட்ராஸிலிருந்து கம்பெனி இன்ஜினியர் வந்து இன்ஜினைப் பிரித்தார். ஒரு பிஸ்டனில் ஆயிலைத் தடுக்கிற வளையம் தொழிற்சாலையில் மாட்டும்போதே உடைந்திருக்கிறது. உடைந்த முனை சிலிண்டரின் உள்சுவரை நீளமாகக் கீறியிருந்தது. அந்தக் கீறல் வழியே ஏறிய ஆயில்தான் நீலப் புகையாகப் போய்க்கொண்டிருந்தது. வாரண்டியிலேயே புது இன்ஜின் போட்டுத் தந்தார்கள்.

வண்டி எடுக்கப் போன அன்று சாவியை நீட்டிய மேனேஜரிடம் அக்கா அதை வாங்கிக்கொள்ளவில்லை. என்னைக் கையால் காட்டினார். அவர் என் பக்கம் திரும்பி, "தப்பா நெனச்சுட்டேன்பா" என்றார்.

"நெனைக்கல, சொன்னீங்க" என்றார் அக்கா.

"தப்பா சொல்லிட்டேன்" என்று அவர் சாவியை என் கையில் கொடுத்தார். அந்த ஆளிடம் எனக்கு இருந்த கோபம் அங்கேயே தீர்ந்துபோயிற்று. பிறகு பல வருடம் அவரிடமே வண்டி விட்டேன், நன்றாகவே பார்த்தார்.

ஊர் திரும்பியதும் அக்கா வேனை நேரே ஸ்டாண்டுக்கு விடச் சொன்னார். அங்கே இறங்கி, இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னார். எனக்காக ஏதோ பேசப்போகிறார் என்று நினைத்தேன். "இன்னாக்கா ஆச்சு வண்டிக்கு?" என்று கேட்டார் என்னைக் கிண்டல் செய்தவர். "இன்ஜின்லயே கோளாறு. கம்பெனிக்காரன் மாத்திக் குடுத்துட்டான்" என்றார் அக்கா. அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். கேட்டவர் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

இப்போது எனக்கே வேங்கிக்கால் பக்கம் நான்கு வண்டிகள் ஓடுகின்றன. ஆயில் குறைந்தால் வண்டியே சொல்லிவிடும் காலம். அக்கா போன ஆண்டு காலமானார். காரியத்துக்குப் போயிருந்தபோது பெரிய பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் அன்று அறைகளைப் பார்த்துக்கொண்டவள். ஆனாலும் என்மீது திருட்டுப் பழி விழுந்தது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எல்லாம் கேட்டு முடித்ததும் சொன்னாள்:

"மொதல் வருஷம் இன்ஜின் தகராறு பண்ணுச்சுன்னு மட்டும்தாண்ணா அம்மா சொல்லுவாங்க. உங்கள பத்தி இப்படி ஒரு பேச்சு வந்துச்சுன்னு ஒரு நாள்கூட சொன்னதில்ல."