டோலி தூக்கிய காசியின் அப்பீல்

வேலூர் தாலுகா கச்சேரி வாசலில் முப்பது வருஷமாக மனு எழுதிப் பிழைக்கிறேன். நந்தகோபால் கையெழுத்து என்றால் துரைமார் தட்டமாட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான். ஆம்பூர் காசியின் குடும்பத்தைக் கெடுத்ததும் இதே கையெழுத்துதான் என்பதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

காசி சண்டைக்கு முன்னால் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவன். ஆறடி ஆள். 1916-ல் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அவன் கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை, டோலி தூக்கச் சேர்த்துக்கொண்டார்கள். பஸ்ராவுக்கு அப்பால், அடிபட்டு விழுந்த சிப்பாய்களை டோலியில் போட்டு ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பதினாலு மாசம் தூக்கினான். எத்தனை பேர் வழியிலேயே செத்தார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் டோலியைக் கீழே வைத்தவன் மறுபடி எடுக்கவில்லை. மிரட்டிப் பார்த்தார்கள், அடைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் மெலன்கோலியா, அதாவது மனசு நொடிந்த நோய், என்று சீட்டு எழுதிக் கப்பலேற்றிவிட்டார். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அதனால் பென்ஷனும் கிடையாது.

ஊருக்கு வந்தவன் பேச்சையே விட்டுவிட்டான். அவன் மனைவி முனியம்மா அதே ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிப்பவள். மேஸ்திரி சர்தார் பாஷா காசியின் பழைய தோஸ்த். கைக்கு வேலை இருந்தால் மனசு தேறும் என்று மறுபடி வேலைக்கு எடுத்தார். முதல் நாளே, ஊறிய தோல்களை ஒரு கழியில் போட்டு, முன்னால் ஒருத்தன் பின்னால் ஒருத்தனாகத் தூக்கச் சொன்னார்கள். காசி முன்னால் பிடித்தான். தொட்டிக்குப் போகவேண்டியவன் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பாலாற்று மணலில் இறங்கி நடந்துகொண்டே இருந்தான். பின்னால் வந்தவன் கத்திப் பார்த்துவிட்டுக் கழியை விட்டுவிட்டான். காசி மண்டிபோட்டு உட்கார்ந்து, தன் வேட்டியை அவிழ்த்து, கீழே விழுந்த தோல்களின் மேல் போர்த்தினான். வேடிக்கை பார்த்துச் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதோடு அவன் குடிசையை விட்டு வெளியே வரவில்லை. குடிசை ஷாப் முதலாளியுடையது. ஆம்பிளை வேலைக்கு வந்தால்தான் குடிசை. அதனால் முனியம்மா விடியற்காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, அவன் பங்குக்கும் சேர்த்துப் பட்டை இடித்தாள். சர்தார் பாஷா ஆஜர் புத்தகத்தில் காசி வந்ததாகவே போட்டுக்கொண்டு வந்தார். முதலாளி இருப்பது மதராஸில். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம் முனியம்மாவின் வலது தோள் தூக்க முடியாமல் போயிற்று. அன்றைக்குத்தான் என்னிடம் வந்தாள்.

"சாமி, சண்டைக்குப் போய் வந்தவங்களுக்கு சர்க்கார்ல எதனா குடுப்பாங்களாமே. என் கை இனிமே தாங்காது. கை போச்சுன்னா குடிசையும் போச்சு. அவர வெச்சிக்கினு நான் எங்க போவேன்?"

மனுவில் எல்லாவற்றையும் எழுதினேன். தூக்கமில்லை, பேச்சில்லை, ஊட்டினால்தான் சோறு. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனுவோடு ஒரு நற்சாட்சிப் பத்திரம் வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். கிணறு வெட்டக் கடன் கேட்டாலும் சரி, துப்பாக்கி லைசென்ஸ் கேட்டாலும் சரி, மனுதாரன் யோக்கியன், உழைப்பாளி என்று ஒருவர் எழுதிக்கொடுத்தால் துரைமார் மனசு இளகும். மேஸ்திரியை வரச் சொன்னேன்.

"இன்னா எழுதணும் முதலியாரே?" என்றார் சர்தார் பாஷா.

"உம்ம ஆளைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை."

"காசியப் பத்தியா? எவ்ளோ வேணா எழுதுங்க!"

அவர் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் அழகாக எழுதினேன். பலசாலி, குடிக்காதவன், இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை. நோயாளி என்று ஒரு காகிதம், உழைப்பாளி என்று இன்னொரு காகிதம். இரண்டும் என் கையெழுத்து. படித்துக் காட்டியபோது முனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் பெருமையாக இருந்தது. என் மண்டையில் என்ன இருந்ததோ தெரியவில்லை.

நாலு மாசத்தில் பதில் வந்தது. தினமும் தோல் ஷாப்பில் உழைக்கும் திடகாத்திரமான ஆளுக்கு உதவி தேவையில்லை என்று போட்டிருந்தார்கள்.

அப்பீலுக்கு ஒரே வழி, உண்மையைச் சொல்வது. சொன்னால் மேஸ்திரிக்கு வேலை போகும், இவர்களுக்குக் குடிசை போகும். மூன்று பேரும் குடிசையில் உட்கார்ந்து, காசியின் எதிரிலேயே இதைப் பேசினோம். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழும் என்று யாருக்குத் தோன்றியது?

"சொல்லிடும்மா," என்றார் சர்தார் பாஷா. "எனக்கு வேற ஷாப் கெடைக்கும். பென்ஷன் வந்துட்டா உனக்கு இந்தக் குடிசை எதுக்கு?"

விசாரணை வேலூரில் நடந்தது. மூன்று துரைமார், ஒரு மொழிபெயர்ப்பாளர். முனியம்மா எல்லாவற்றையும் சொன்னாள். புருஷனை வைத்துக்கொண்டே, வெளிக்குப் போவதற்குக்கூட நான்தான் கூட்டிப்போகிறேன் என்று அந்நிய ஆண்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பிறகு நடுவில் இருந்த துரை கேட்க ஆரம்பித்தார். அப்படியானால் ஆஜர் புத்தகம் பொய்யா? அதில் நீயும் கூட்டா? முதலாளியை ஏமாற்றியவள் எங்களை ஏமாற்றமாட்டாயா?

காசி எழுந்தான். பட்டாளத்தில் நிற்பது போல விறைத்து நின்றான்.

"நான்தான் வேலை செய்றேன், சாப். எனக்கு நோவு ஒண்ணும் இல்ல. அவள ஒண்ணும் கேக்காதீங்க."

கடைசி வார்த்தைகளை மொழிபெயர்ப்பாளர் பெயர்த்துச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் சொன்னதே போதுமாக இருந்தது. ஐந்து நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில், "அடப்பாவி, இத்தனை நாள் மூடியிருந்த வாயை இன்னிக்கா திறப்பே!" என்று கத்திவிட்டேன்.

"அவர வையாதீங்க சாமி," என்றாள் முனியம்மா. அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இன்னா சொன்னே? இன்னொரு தபா சொல்லு," என்று கேட்டாள். அதற்கப்புறம் அவன் பேசவே இல்லை.

அவள் சொன்னதெல்லாம் முதலாளி காதுக்குப் போயிற்று. சர்தார் பாஷா வாணியம்பாடிக்குப் போய்விட்டார். குடிசை போயிற்று. புருஷனும் பெண்சாதியும் விரிஞ்சிபுரம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் ஒண்டினார்கள். ஏழு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் காசி காய்ச்சலில் செத்தான்.

காரியம் முடிந்து அவள் என்னிடம் வந்தாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சாமி, அன்னிக்கு அவரு பேசினத எழுதிக்கினாங்களே, அந்தக் காயிதம் கெடைக்குமா?"

நகலுக்கு மனு போட்டேன். வந்தது. இங்கிலீஷில் மூன்று வரி. மனுதாரன் தனக்கு நோயில்லை, வேலை செய்கிறேன் என்று தானே கூறினான். மனைவியின் சாட்சி நம்பத்தக்கதல்ல. அப்பீல் தள்ளுபடி.

முதல் வரியைத் தமிழில் படித்துவிட்டு நிறுத்தினேன். அவள் காத்திருந்தாள்.

"அவள ஒண்ணும் கேக்காதீங்கன்னு சொன்னாரே சாமி, அது எங்க?"

"இங்க இருக்கும்மா," என்று இரண்டாவது வரியில் விரலை வைத்தேன்.

எந்த வரி என்று மறந்துபோகாமல் இருக்க, பக்கத்தில் மையால் ஒரு அடையாளம் போட்டுத் தரச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன்.