லெட்டர் வருவதற்கு முன்

1986 மார்ச் 3: எஞ்சின் எண்ணெய், 19 டாலர்.
அன்றே: மாதிரி அனுப்பிய செலவு, 8 டாலர்.

நெப்ராஸ்காவில் கோதுமை பயிரிட்ட ஆர்லன், தன் பழைய சிறு விமானத்துக்கு எண்ணெய் மாற்றும்போதெல்லாம் கழிவெண்ணெயில் ஒரு குப்பியை ஆய்வகத்துக்கு அனுப்புவார். எஞ்சின் உள்ளே தேய்ந்திருந்தால் அதில் உலோகத்தூள் இருக்கும். பதில் வரும்வரை பறக்கமாட்டார்.

எட்டாம் தேதி தம்பி டேரில் வந்து விமானச் சாவி கேட்டான். லிங்கன் நகரில் இருக்கும் தன் மகளைப் பார்க்கவேண்டுமாம்.

“லெட்டர் வரட்டும்டா.”

“இருபது வருஷமா எல்லாம் சரின்னு ஒரே பதில்தானே வருது, அண்ணே. அடுத்த தடவை உன் ரத்தத்தையும் ஒரு குப்பி அனுப்பு.”

ஆர்லன் சிரித்தார். சிரித்த வாயோடு சாவியையும் கொடுத்துவிட்டார்.

நாற்பது மைல் போனதும் எஞ்சின் நின்று, விமானம் ஆற்றோர மரங்களில் விழுந்தது. டேரிலைப் பதினொன்றாம் தேதி அடக்கம் செய்தார்கள்.

உலோகத்தூள் அதிகம், பறக்கவேண்டாம் என்ற ஆய்வகக் கடிதம் வந்தது மார்ச் 13.