அம்மா வேண்டாம் என்ற வீடு

ஈரச் சுண்ணாம்பு வாசனை... அந்த வீட்டை நினைத்தால் முதலில் வருவது அதுதான். விற்பதற்காகப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஓசூர் பக்கம், பேரிகையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அப்பாவுக்குப் புளி வியாபாரம். கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடுதான். வெள்ளையடித்த அந்த வீட்டின் சொந்தக்காரர் பெங்களூர் மில் வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பியதால் அது விலைக்கு வந்தது. பெரிய கூடம், மூட்டை அடுக்கத் தனி அறை, பின்னால் நல்ல தண்ணீர்க் கிணறு. மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். அப்பாவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

திரும்பும் வழியில், என் கையைப் பிடித்தபடி அம்மா பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். நான் அங்கே நாலாம் வகுப்பு. எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். குடும்பங்கள் ஊரை விட்டுப் போகப் போகப் பிள்ளைகள் குறைந்தார்கள். அதைச் சொல்லி சர்க்கார் மானியத்தையும் குறைத்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் அஞ்சாம் வகுப்பு இருக்குமா என்று அம்மா வாத்தியாரிடம் கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா. எனக்கே சம்பளம் ஒழுங்கா வர்றதில்ல."

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னாள்:

"அந்த வீடு வேணாங்க. ஓசூர்ல பாக்கலாம்."

பொம்பளைப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதாதா என்றார் அப்பா.

"எனக்கு அதுகூடத் தெரியாது. இவளாச்சும் படிக்கட்டும்."

கடைசியில் அப்பா ஓசூரில்தான் வாங்கினார். தகரக் கூரை, இரண்டே அறை. தண்ணீருக்குத் தெருக்கோடிக் கிணற்றில் காத்து நிற்க வேண்டும். மழைக்காலத்தில் புளி மூட்டைகளுக்கு நடுவேதான் எங்கள் படுக்கை. ஒவ்வொரு சந்தைக்கும் அப்பா பேரிகைக்கு அலைந்தார்.

அடுத்த வருஷம் ஊர்ப் பள்ளியை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். சந்தையில் அதைக் கேள்விப்பட்டு வந்த அன்று, அப்பா எனக்கு ஒரு புது சிலேட் வாங்கி வந்தார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன்...

இப்போது என் மகள் ஓசூரிலேயே ஃபிளாட் பார்க்கிறாள். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். "வேன் வாசலுக்கே வரும்மா" என்கிறாள். காற்று, வெளிச்சம், பால்கனி... பிடித்ததைப் பார்த்து வாங்கலாம். சந்தோஷம்தான்.

அம்மா கடைசிக் காலத்தில் ஒருநாள், தான் வேண்டாமென்ற அந்த ஊர் வீட்டைப் பற்றி என்னிடம் பேசினாள். எந்த ஜன்னலில் எப்போது வெயில் விழும் என்பதுவரை சொன்னாள். அவள் அதற்குள் போனது அந்த ஒரே ஒரு தடவைதான்.